ஓடாத வண்டியும் ஒழுகும் ஓடும்

சங்கத்து நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் அன்பர்கள் என்னைக் கண்டால் குசலம் விசாரிப்பதில்லை. "என்ன, வண்டி ஓடுகிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். ஓராண்டுக் காலம் இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில்களைத் தொகுத்தால் அதுவே ஒரு சிறு நூலாகிவிடும். அவற்றில் பாதி பொய் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வண்டியை விற்றாகிவிட்டது. எல்லோருக்கும் ஒருமிக்க விடை சொல்லிவிடலாமே என்று இதழாசிரியரும் வற்புறுத்தவே, நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்தேன்.

சிஞ்சுவாட்டில் எஞ்சின் செய்யும் ஆலை ஒன்றில் 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு வாய்த்தது கிராங்க் ஷாஃப்டுக்குச் சாணை பிடிக்கும் பிரிவு. பிஸ்டன்கள் மேலும் கீழுமாகத் துள்ளுவதைச் சக்கரத்துக்கு வேண்டிய சுழற்சியாக மாற்றித் தரும் தண்டு அது. பேரிங்குகளில் அமர்ந்து சுழலும் அதன் கழுத்துகள் வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலும் நாங்கள் தண்டைத் தள்ளிவிடுவோம். கடைசிப் பத்தாண்டுகள் அந்தத் தள்ளுபடி அதிகாரம் என் கையில் இருந்தது. என் கையொப்பம் விழாத தண்டு அடுத்த பிரிவின் வாசலை மிதிக்காது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் வெட்கக்கேட்டை வாசகர்கள் சரியாக அளந்துகொள்வதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

2003-ஆம் ஆண்டு குடும்பத்தோடு கோவா போயிருந்தோம். கதம்பா பஸ்ஸில் பணஜிக்குப் போகும் வழியில் சிவப்பு நிறமான சிறு கார் ஒன்று எங்களைக் கடந்து சென்றது. இரண்டே இருக்கை, தலைக்கு மேலே வானம். ஓட்டியவர் ஒரு கையைக் கதவின்மேல் சார்த்திக்கொண்டு, உலகத்தில் அவசரமே இல்லாதவர்போல் போய்க்கொண்டிருந்தார். அது 'சான் ஸ்டார்ம்' என்பதும், கோவாவிலேயே உருவாகும் வண்டி என்பதும் பிறகு தெரிந்தது. உடல் ஃபைபர் கிளாஸ். எஞ்சின் பிரான்ஸ் நாட்டு ரெனோ நிறுவனத்துடையது. 1,149 கன சென்டிமீட்டர், 60 குதிரைசக்தி. அந்நாட்டில் டுவிங்கோ, கிளியோ போன்ற சாதாரணக் குடும்பக் கார்களை இழுத்த அதே எஞ்சின்தான். இதையெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று வாதாட வருபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அன்று பஸ் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தவனுக்கு அதைவிட அழகான வண்டி உலகத்தில் இல்லை. "நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு பேர் வண்டியா?" என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மறக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 2023 ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவே தாமிரபரணிக் கரையில் இருக்கும் சிற்றூர் எங்களுடையது. 81 வயதான என் தாயார் அங்கே தனியாக இருக்கிறார். 'எங்களோடு வந்துவிடுங்கள்' என்று எத்தனை முறை அழைத்தாலும், பசுவை யார் பார்ப்பது, விளக்கை யார் ஏற்றுவது என்று ஏதேனும் ஒன்று சொல்வார். பசுவை விற்று ஆறு வருஷம் ஆயிற்று. அதுவே இன்னும் காரணமாக நின்றுகொண்டிருக்கிறது! ஓட்டு வீடு, பாட்டனார் காலத்துக் கைமரங்கள். உள்ளறையில் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த கைமரத்தை, ஏணிவைத்து ஏறி விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். 'ணங்' என்று வரவேண்டிய இடத்தில் 'பொதுக்' என்று வந்தது. கரையான். தச்சரை அழைத்துக் காட்டியதில், தென்புறச் சரிவு முழுவதையும் பிரித்து மரமும் ரீப்பரும் மாற்றி ஓடு வேய 1,60,000 ரூபாய் ஆகும் என்றார். சொல்லிவைத்தாற்போல் அதே தொகைக்கு மனைவி கட்டிவந்த சீட்டு ஆடியில் முதிர்வதாக இருந்தது. ஐப்பசி மழைக்குமுன் வேலையை முடித்துவிடுவது என்று பேசி, தச்சரின் கையில் வெற்றிலை பாக்கோடு முன்பணம் 1,000 ரூபாயும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆடியில் சீட்டுப் பணம் வந்தது. அதே வாரத்தில், பழைய சகா ஒருவர் போகிற போக்கில் ஒரு சமாசாரம் சொன்னார். லோணாவளாவில் ஒரு பங்களாக் கொட்டகையில் சிவப்பு நிறத்தில் 'கோவா வண்டி' ஒன்று கேட்பாரற்று நிற்கிறதாம்.

தார்ப்பாயை விலக்கியபோது முதலில் ஓர் ஓணான் ஓடியது. அதன் பிறகுதான் வண்டி தெரிந்தது. லோணாவளா மழை எப்படிப்பட்டது என்பது இப்பக்கத்து அன்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்படிப்பட்ட மூன்று மழைக்காலங்களை அது கண்டிருந்தது. ஃபைபர் உடலில் துரு ஏது? தண்ணீர் விட்டுத் துடைத்ததும் நேற்றுப் பிறந்த குழந்தைபோல் சிரித்தது. என்னை ஏமாற்றியது அந்தச் சிரிப்புத்தான் என்று பழிபோட ஆசை. ஆனால் நான் ஏமாறவில்லை. காட்டியவர் உரிமையாளரின் உறவினர். "பாட்டரி மட்டும் மாற்றினால் போதும், ஓடும்" என்றார். செத்த வண்டியை விற்கும் ஒவ்வொருவரும் இந்த வாக்கியத்தை எங்கேயோ ஒரே பள்ளியில் பாடம் படித்துவருகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கிராங்க் முனையிலுள்ள போல்ட்டில் மாட்டித் திருப்பினேன். நகரவில்லை. முழுப் பலத்தையும் கொடுத்தேன். பாறையைத் திருப்பியது போலிருந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் அதில் எண்ணெய்க்குப் பதிலாக மோர் போன்ற ஒரு வஸ்து ஒட்டியிருந்தது.

கதை எனக்கு விளங்கிவிட்டது. ரேடியேட்டர் குழாய் ஒன்று வெடித்து நீர் வற்றியிருக்கிறது. சூடு காட்டும் முள் சிவப்பில் ஏறியும் ஓட்டியவர் நிறுத்தாமல் மலையேறியிருக்கிறார். அலுமினியத்தாலான ஹெட் வெந்து வளைந்து, கீழிருந்த காஸ்கெட் கிழிந்து, பிறகு ஊற்றிய தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் இறங்கியிருக்கிறது. அப்படியே நிறுத்திவிட்டதால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டுவிட்டன. புத்தியுள்ளவன் தார்ப்பாயை மூடிவிட்டு லோக்கல் ரயிலைப் பிடித்திருப்பான். நானோ 1,25,000 கேட்டவரிடம் 70,000-க்குப் பேரம் முடித்தேன். 31 வருஷ அனுபவம் இருக்கிறது, நாற்பதாயிரம் செலவில் உயிர்ப்பித்து, புரட்டாசிக்குள் இரண்டரை லட்சத்துக்கு விற்றுவிட்டால் கூரையும் ஆயிற்று, லாபமும் ஆயிற்று என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் விற்கும் எண்ணம் உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதை நான் அப்போதும் அளந்து பார்க்கவில்லை.

இழுவை லாரிக்கு 4,500 ரூபாய் கொடுத்து, வீட்டு வாசலில் இறக்கினேன். மனைவி வெளியே வந்தாள். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். "அத்தை வீட்டு ஓடெல்லாம் இங்கே வந்து நிற்கிறதாக்கும்!" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு ஐந்து மாதம் அந்த விஷயமாக அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

தேஹு ரோட்டில் நம்மவர் ஒருவர் நாற்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். வண்டியை அங்கே கொண்டுபோனேன். "அண்ணாச்சி, இது என் தொழில்தான். இடமும் ஆயுதமும் மட்டும் கொடுங்கள்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீங்க எஞ்சின் பிறக்கிற இடத்துல இருந்தவங்க. நான் அது சாகிற இடத்துல இருக்கேன். ரெண்டும் ஒரே தொழில் இல்லை" என்றார். அப்போது அது எனக்குப் பட்டறைக்காரரின் கர்வமாகப் பட்டது.

ஒட்டிக்கொண்ட எஞ்சினை விடுவிப்பதில் முதல் பாடம், அதை அடிக்காமலும் நெம்பாமலும் இருப்பது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலையும் மெல்லிய எண்ணெயையும் கலந்து ஊற்றிவிட்டு, அண்ணாச்சி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாள்தோறும் போய் ஸ்பானரால் சிறிது அழுத்திப் பார்ப்பேன், நகராது, மீண்டும் ஊற்றுவோம். ஒன்பதாம் நாள், ஒரு நூல் அளவு நகர்ந்தது. கோயில் தேர் நிலையைவிட்டுக் கிளம்பும்போது கயிற்றைப் பிடித்திருப்பவர்களின் உடம்பில் ஓர் அதிர்வு ஓடுமே, அதுபோல் என் முழங்கையில் ஓடியது.

பிரித்துப் பார்த்ததில் மூன்று சிலிண்டர்கள் பிழைத்திருந்தன. மூன்றாவதில் மட்டும் துரு அரித்து, அம்மைத் தழும்புபோல் குழிகள். நான்கையும் பெரிதாக்கிக் கடைந்துவிடலாம். ஆனால் அதற்கேற்ற பெரிய பிஸ்டன் இந்தியாவில் எங்கே கிடைக்கும்? ஆகவே போசரியிலுள்ள லேத் பட்டறையில் அந்த ஒன்றுக்கு மட்டும் வார்ப்பிரும்பு லைனர் இறக்கி, பழைய 69 மில்லிமீட்டருக்கே கடைந்து வாங்கினோம். ஹெட்டைச் சமதளமாகச் சீவினோம். நானா பேட்டையில் ஒரு நாள் முழுவதும் கடைகடையாக ஏறி இறங்கினேன். எஞ்சினின் பெயரைச் சொன்னதும் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள். கடைசியில் காஸ்கெட்டும் வளையங்களும் கோவாவில் ஒரு பழைய கடையிலிருந்து கூரியரில் வந்துசேர்ந்தன. பேரிங் மட்டும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

இனி வெட்கக்கேட்டுக்கு வருவோம். புரட்டாசி முடியப்போகிறது. ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில், "தச்சர் இன்னிக்கும் கேட்டுட்டுப் போனாருய்யா" என்கிறார். "ஓடு வேயும் ஆட்கள் கிடைக்கவில்லையாம் அம்மா, எல்லோரும் கேரளத்துக்குப் போய்விட்டார்களாம். தை பிறக்கட்டும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவரும், "சரிய்யா, ஒரு மழைதானே" என்றார். தச்சரிடம் வேறொரு பொய் சொன்னேன். இந்த நிலையில் கிராங்க் ஷாஃப்டைக் கையில் எடுத்தேன். தண்ணீர் கலந்த எண்ணெயில் மூன்று வருஷம் ஊறிய தண்டு. இரண்டு கழுத்துகளில் லேசான அரிப்பு. மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். நம் பிரிவில் எந்தத் தண்டுக்கும் நான் மன்னிக்காத அளவுக்குப் பிசகு இருந்தது. மீண்டும் அளந்தேன். எண் மாறவில்லை. நுண்ணிய எமரித்தாளை எண்ணெயில் தோய்த்துக் கையாலேயே தேய்த்தேன். கண்ணாடிபோல் பளபளத்தது. பழைய பேரிங்குகளையே துடைத்து மாட்டினேன். 31 ஆண்டுகளில் எத்தனையோ நல்ல தண்டுகளையே சந்தேகத்தின்பேரில் தள்ளியவன், இந்தத் தண்டுக்கு மனத்துக்குள் கையொப்பம் போட்டேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். "பேரிங் வரட்டுமே தம்பி" என்றார். "தாங்கும் அண்ணாச்சி" என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அக்டோபர் 23, ஆயுத பூஜை. பட்டறையில் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் ஆன பிறகு சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பற்றிக்கொண்டது. அந்த ஓசையை எப்படி எழுதுவது? பேசாமல் கிடந்த ஒருவர் வாய் திறந்ததுபோல் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். மனைவிகூட வந்திருந்தாள், பானட்டின்மேல் குங்குமம் வைத்தாள். இருபது நிமிஷம் ஓடவிட்டோம். பிறகு எண்ணெய் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. அதைத் தொடர்ந்து அடியிலிருந்து 'லொட்... லொட்...' என்று கதவு தட்டும் ஓசை. பேரிங் போய்விட்டது. நிறுத்துவதற்குள் கழுத்து ஒன்று உழவு சால்போல் கீறிக்கொண்டுவிட்டது. சூடு முள் ஏறியும் நிறுத்தாமல் ஓட்டிய அந்தப் பழைய சொந்தக்காரரை நான் அதுவரை என்னென்னவோ திட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து திட்டுவதில்லை.

சீட்டுப் பணத்தில் 42,500 மீதியிருந்தது. கூரைக்கும் போதாது, வண்டிக்கும் போதாது. தண்டை எடுத்துக்கொண்டு போசரியில் ஒரு பழைய சகாவின் சாணைக் கூடத்துக்குப் போய், கீறலுற்ற கழுத்தோடு மற்றவற்றையும் கால் மில்லிமீட்டர் குறைத்து நானே ஒழுங்காகச் சாணை பிடித்தேன். கால் மில்லிமீட்டர் தடித்த பேரிங் இனிப் பிரான்ஸிலிருந்துதான் வரவேண்டும். நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் லியோனில் படிக்கிறான். குறியீட்டு எண்ணைக் கைப்பேசியில் அனுப்பினேன். விடுமுறைக்கு வந்த பிள்ளை, பெற்றோருக்குச் சாக்லேட்டும் எனக்கு இரும்பும் சுமந்துவந்தான். டிசம்பர் 15 அன்று அந்தப் பொட்டலம் கைக்கு வந்தது. 16,500 ரூபாய். உள்ளங்கையில் வைத்தால் பிறை நிலவை அடுக்கினாற்போல் இருந்தது.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் தாமிரபரணிக் கரையில் என்ன நடந்தது என்பதை எல்லோரும் அறிவோம். எங்கள் ஊருக்குச் சிறிது தொலைவிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நீரின் நடுவே நின்றுவிட்டது. ஞாயிறு மாலை தாயாரோடு பேசினேன். "மழை நல்லாப் பெய்யுதுய்யா. உள்ளறையிலே ரெண்டு குண்டான் வச்சிருக்கேன்" என்றார். அதன்பிறகு இணைப்பு இல்லை. திங்கள் முழுவதும் இல்லை. செவ்வாயும் இல்லை. தங்கை திருநெல்வேலியில், அவளாலும் ஊருக்குப் போகமுடியவில்லை. தொலைக்காட்சியில் காட்டிய இடமெல்லாம் எங்கள் தெருவாகவே தெரிந்தது. மேஜைமேல் அந்தப் பேரிங் பொட்டலம் பிரித்தபடி கிடந்தது. மனைவி அதைக் காகிதத்தில் சுற்றி, கண்ணில் படாமல் அலமாரியில் வைத்தாள். அதையும் பேசாமல்தான் செய்தாள்.

செவ்வாய் இரவு பதினொரு மணிக்குத் தங்கையின் மகன் பேசினான். ஆச்சி பள்ளிக்கூடத்து மாடியில் பத்திரமாக இருக்கிறார் என்றான். ஞாயிறு இரவே எதிர்வீட்டுப் பெண் வந்து, வரமாட்டேன் என்றவரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

மும்பையிலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் புனேயில் ஏறினேன். வீட்டு வாசலில் சேறு இடுப்பளவு உயரத்துக்குக் கோடு போட்டிருந்தது. உள்ளறைக்குள் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் பகலிலும் விளக்குப் போடாமல் எதுவும் தெரியாது. தென்புறச் சரிவு முழுவதும் இறங்கியிருந்தது. நான் விரல்முட்டியால் தட்டிப்பார்த்த அந்தக் கைமரம் கட்டிலுக்குக் குறுக்கே, தலையணை இருக்கவேண்டிய இடத்தில் கிடந்தது. முறிந்த முனையைத் தொட்டேன். வெளியே பிளந்த ஓலைத்தடிமனுக்கு மரம், உள்ளே மண்.

தாயார் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஏய்யா, ஆளு கிடைக்கலன்னியே, இப்பமாவது கிடைப்பாவளா?" என்று கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். திண்ணைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சீட்டுப் பணம் முதல் பிரான்ஸ் பேரிங் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது வயதில் தாயிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆறு வயதில் ஒப்புக்கொள்வதைவிடக் கடினம். அடி விழாது என்பது நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கார்ல எத்தன பேரு போலாம்?" என்றார்.

"இரண்டு பேர்."

"நீயும் அவளும். அப்பம் நான் எங்கன இருக்க?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கூரை வேலைக்கு மனைவியின் நான்கு வளையல்கள் வங்கியில் நகைக்கடனுக்குப் போயின. தச்சர் தம் கூலியில் ஒரு காசு கூட்டவில்லை; நான் ஆனியில் கொடுத்த 1,000 ரூபாயையும் மறக்காமல் கழித்துக்கொண்டார். வேலை முடியும்வரை தங்க இடமில்லாததால்தான் தாயார் எங்களோடு புறப்பட்டார். பசுவைப்பற்றி இம்முறை ஒன்றும் பேசவில்லை.

தை பிறந்ததும் அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். வண்டியை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "இப்பத்தான் தம்பி நீங்க வேலைக்குத் தயாரா இருக்கீங்க" என்று சொல்லி அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். இம்முறை அவசரம் இல்லை. ஒவ்வொரு கழுத்தையும் நான்கு இடத்தில் அளந்து சுவரில் கரியால் எழுதினோம். எண்ணெய்த் துளைகளைக் கம்பிவிட்டு, டீசல் பீச்சிக் கழுவினோம். ரேடியேட்டரையும் எல்லாக் குழாய்களையும் மாற்றினோம். சூட்டு முள் சரியாகக் காட்டுகிறதா என்பதை வெந்நீரில் வைத்துச் சோதித்தோம். மாசி முதல் வாரத்தில் எஞ்சின் ஓடியது. இருபது நிமிஷம் அல்ல, இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை.

வண்டி 2009 மார்ச்சில் பதிவானது. நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும், அதற்கு அதிகாரியின் முன் வண்டி ஓடிக்காட்டவேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆகியிருந்தது. எஞ்சின் எண் புத்தகத்திலுள்ள எண்ணோடு பொருந்தவேண்டும் என்பதும் விதி. வேறொரு வண்டியின் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம் என்று தொடக்கத்தில் பலர் சொன்ன யோசனையைக் கேட்காமல்போனதுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். அதிகாரி எண்ணை விரலால் தடவிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை தாயாரை மோர்யா கோசாவி பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனேன். மணைப்பலகையில் உட்காருவதுபோல் அவ்வளவு தாழ்ந்த இருக்கை. மனைவி ஒரு பக்கம் தாங்கி இறக்கி உட்காரவைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டாள். பவனா ஆற்றங்கரைவரை இரண்டே மைல். காற்று முகத்தில் அடித்தது. தாயார் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார்.

"ஏய்யா, இதுக்கும் கூரை கிடையாதா?" என்றார்.

அவர் சித்திரையில் ஊர் திரும்பினார். புதுக் கைமரம் வாசனையாக இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். வண்டிக்கு ஆன செலவு, வாங்கிய விலை, டயர், துணிக்கூரை, அண்ணாச்சிக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 2,04,000 ரூபாய் என்று மனைவியின் கணக்கு நோட்டு சொல்கிறது. அவள் மனக்கணக்கில் வேறு எண் இருக்கலாம். வைகாசியில் ஓர் இளைஞர் வந்து பார்த்து 1,95,000 கொடுத்தார். அந்தப் பணம் நேரே வங்கிக்குப் போய், வளையல்கள் வீட்டுக்கு வந்தன.

அந்த இளைஞரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, லைனர் இறக்கிய சிலிண்டர், கால் மில்லிமீட்டர் குறைந்த தண்டு, ஆயுத பூஜையன்று நடந்தது உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். முடிவில், "வேறு ஏதாவது மாற்றவேண்டியிருக்குமா, அங்கிள்?" என்றான்.

"பாட்டரி புதியது. அதை மட்டும் மாற்றவேண்டாம்" என்றேன்.